ஆடி டிடியா, டிசையரா?

கேள்வி: வளைகுடாவில் எட்டு வருடம் இருந்துவிட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கலுக்குத் திரும்பியிருக்கிறேன். திருவனந்தபுரத்து நண்பர் தனது 2011 ஆடி டிடி ஸ்போர்ட்ஸ் காரைத் தருகிறேன் என்கிறார். அந்தப் பணத்துக்குப் புது மாருதி டிசையரே வாங்கலாம் என்கிறாள் மனைவி. வீட்டில் நான்கு வயது மகளும் முட்டுவலிக்கார அம்மாவும் இருக்கிறார்கள். டிடி என் கல்லூரிக் காலக் கனவு. எதை வாங்க?

பதில்: தம்பி, அந்தக் கனவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 211 குதிரைசக்தி, டர்போ எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் இழுவை, அந்தக் கூரையின் வளைவு! நால்வழிச் சாலையில் அது தரும் சுகத்தை டிசையரின் 1.2 லிட்டர் எஞ்சினிடம் எதிர்பார்க்கவே முடியாது.

ஆனால் வீட்டுக்கு ஒரே கார் என்றால் டிசையர்தான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. முதல் காரணம் உங்கள் அம்மா. டிடியின் சீட்டு தரையோடு கிடக்கும். உட்காரும்போது சரிந்து இறங்க வேண்டும், எழும்பும்போது உடம்பு மொத்தத்தையும் அந்த முட்டு தூக்க வேண்டும். கதவும் இரண்டுதான். அம்மா இறங்கி நின்று, முன்சீட்டை மடக்கினால்தான் மகள் பின்னால் ஏற முடியும். நால்வரும் கிளம்பினால் மனைவியும் பின்னால்தான். பெரியவர்கள் தலை நிமிர்ந்து உட்கார அங்கே இடமில்லை.

குருசடிக்கு ஒரு ஸ்பீடு பிரேக்கர், பள்ளிக்கூடத்துக்கு ஒன்று என்று இருக்கும் உங்கள் ஊர்ச் சாலையில் டிசையரின் 163 மில்லிமீட்டர் தரை இடைவெளி தினமும் கைகொடுக்கும். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கிய கார் அது. ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் உண்டு. பிள்ளை இருக்கும் வீட்டில் இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கமாட்டேன்.

இனி டிடியின் வயது. அந்த எஞ்சினில் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்து, செயின் நழுவினால் எஞ்சினே போகும். எஞ்சின் ஆயில் குடிக்கிறதா என்றும் விசாரியுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியதற்குப் பில் இருக்க வேண்டும். டிடியின் முன்பக்கம் பெரும்பாலும் அலுமினியம், பின்பக்கம் எஃகு. கடற்காற்றும் இரண்டு பருவமழையும் உள்ள மாவட்டத்தில் ஓடவேண்டிய வண்டி, அதனால் பின்புற அடிப்பகுதியில் துரு இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

காகிதச் செலவும் உண்டு. கேரளப் பதிவு என்றால் என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, மார்த்தாண்டத்தில் டிஎன் 75 எண்ணுக்கு மாற்ற வேண்டும். 2011 வண்டிக்கு 2026-இல் 15 வருடம் முடிகிறது. டிடி இறக்குமதி கார். அதன் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றைப் புதுப்பிக்க 40,000 ரூபாய் கட்டணம், அதுவும் ஐந்து வருடத்துக்குத்தான். 20 வருடம் தாண்டினால் 80,000.

டிசையர் வீட்டுக்கு வந்த பிறகும் ஆசை தீரவில்லை என்றால், ஷெட்டும் கையில் மிச்சப் பணமும் இருக்கும் நாளில் டிடியை இரண்டாவது காராக வாங்குங்கள். அப்போது நானே வாங்கச் சொல்வேன்.

இப்போது ஒன்று செய்யுங்கள். நண்பரிடம் ஒருநாள் வண்டியைக் கேட்டு வாங்கி, அம்மாவையும் மகளையும் ஏற்றிக் குளச்சல்வரை போய்வாருங்கள். அம்மா இறங்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.