கூரை திறந்த மஹிந்திரா தார் வண்டியில் பாட்டு ஏன் கேட்பதில்லை?

"சாஃப்ட் டாப் (துணிக் கூரை) தார் வைத்திருக்கிறேன். கூரையைக் கழற்றி 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பாட்டு கேட்பதே இல்லை. ஹெட் யூனிட்டை (டாஷ்போர்டில் இருக்கும் மியூசிக் பிளேயரை) மாற்றலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதில் முதலில் கை வைக்காதீர்கள். மூடிய காருக்குள் பேஸ், அதாவது 'தும் தும்' என்ற அடி ஒலி, தானாகவே பெருகும். கூரை போனால் அதுவும் காற்றோடு போய்விடும். மிச்சத்தைக் காற்றும் டயர் இரைச்சலும் விழுங்கிவிடும்.

சென்சிடிவிட்டி (அதே வாட்டில் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) அதிகமான ஸ்பீக்கராகப் பாருங்கள். 89 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்டில் தரும் சத்தத்தை 92 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்டிலேயே தந்துவிடும். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 'மேக்ஸ் வாட்' வெறும் விளம்பரம். தொடர்ந்து தாங்கும் வாட்டைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்ணைப் பாருங்கள். காகிதக் கூம்பு ஒரு மழைக்கே ஊறிவிடும் என்பதால் பாலிப்ரொப்பிலீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) கூம்புள்ள, படகுகளுக்கான மரைன் வகை நல்லது.

அப்புறம் நான்கு ஸ்பீக்கர்களுக்குச் சக்தி தர ஒரு சின்ன நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர். சீட்டுக்கு அடியில் வைப்பதானால் தரையோடு ஒட்டாமல் சற்று உயர்த்திப் பொருத்துங்கள். ஓடையில் இறங்கினால் தண்ணீர் முதலில் அங்கேதான் வரும். பேட்டரியிலிருந்து வரும் கம்பியில் ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்குள் ஃபியூஸ் கட்டாயம். அதைப் போடாத கடைக்காரரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பேஸுக்கென்றே தனி ஸ்பீக்கரான சப்வூஃபர்? சீல் செய்த சின்னப் பெட்டி போதும், அதுவும் காசு மிஞ்சினால்.