கேள்வி – பதில்: ஆடியவர் கண்ணால் பாலே பார்ப்பது

பாலே பற்றி வந்த கேள்விகளுக்கு, தொழில்முறைக் குழுக்களில் ஆடி ஓய்வுபெற்ற கலைஞர்கள் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

திரையரங்கில் 'ஸ்வான் லேக்' பாலேயின் ஒளிபரப்பு பார்த்தேன். கறுப்பு அன்னம் 32 முறை சுற்றியதும் அரங்கமே கைதட்டியது. முன்பு ஒரு குழுவில் ஆடிய என் தோழி மட்டும், "சுற்றினாள் சரி, ஆனால் நகர்ந்துவிட்டாள்" என்றாள். அவள் எதைப் பார்த்துச் சொன்னாள்? – வாசகி, கோவை

நின்ற காலின் குதிகாலைப் பார்த்திருப்பார். ஃபுவெட்டே என்ற அந்தச் சுழற்சியில் ஒவ்வொரு சுற்றுக்கும் நின்ற காலின் முட்டி மடங்க வேண்டும், குதிகால் தரையைத் தொட வேண்டும், உடனே விரல்நுனிக்கு எழவும் வேண்டும். அதற்குள் மற்றக் கால் பக்கவாட்டில் வீசி முட்டியருகே மடங்கிவிட வேண்டும். வீசும் கால் கொஞ்சம் பின்னால் போனால் போதும், இடுப்பு அதோடு இழுபடும். குதிகால் பழைய இடத்தில் இறங்காது. சுற்றுக்கு நான்கு விரற்கடை தள்ளி இறங்கினால்கூட, 32 சுற்று முடியும்போது இரண்டு மீட்டருக்கு மேல் நகர்ந்திருப்பார். பார்வையாளரை நோக்கி முன்னால் வந்துகொண்டே இருப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள். கைகள் திறந்து மூடும் நேரம் பிந்தினாலும் இதே கதிதான். தோள் முந்திவிடும், இடுப்பு பிந்திவிடும்.

இந்த 32-ஐ ரஷ்ய மேடையில் பேசவைத்தவர் பியரினா லெஞானி என்ற இத்தாலியக் கலைஞர். 1893-ல் 'சிண்டரெல்லா'விலும், பிறகு 1895-ல் 'ஸ்வான் லேக்'கிலும் செய்து காட்டினார். அன்று முதல் அது ஒரு பரீட்சை போலாகிவிட்டது. ஆனால் சோவியத் நட்சத்திரம் மாயா ப்ளிசெட்ஸ்கயா அதற்குப் பதிலாக மேடையை வேகமாகச் சுற்றிவரும் வேறு சுழற்சிகளை ஆடினார். அதனால் அவர் புகழ் ஒரு துளியும் குறையவில்லை. எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கலைஞரை எடைபோடாதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

ஆடியவர்கள் உண்மையில் கவனிப்பது கைதட்டல் விழாத இடங்களை. குதித்து இறங்கும்போது முன்பாதம் முதலில் பட்டு, குதிகால் கடைசியாகப் படிய வேண்டும். முட்டி இரண்டாவது விரலுக்கு நேரே மடங்க வேண்டும். குதிகால் படியாமல் அடுத்த தாவலுக்குப் போகிறவர் அவசரத்தில் இருக்கிறார், அல்லது அவர் குதிகால் தசைநாண் வலிக்கிறது. இரண்டாம் அங்கத்தில் கைகோத்து ஆடும் நான்கு அன்னக்குஞ்சுகளின் காலை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் தலைகளைப் பாருங்கள். ஒருவர் தலை அரை நொடி பிந்தினாலும் நான்கு பேர் உழைப்பும் கலைந்துவிடும்.

ஜெர்மனியில் ஒரு குழுவில் ஒன்பது ஆண்டுகள் ஆடினேன். முட்டி ஒத்துழைக்காததால் நிறுத்திவிட்டேன். இப்போது முழு நிகழ்ச்சி பார்க்க உட்கார்ந்தால் மனம் தாங்கவில்லை. ஆனாலும் பாலே உலகத்தை விட்டு விலக விருப்பமில்லை. எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, டொரொன்டோ

மேடையில் தொடங்காதீர்கள், வகுப்பில் தொடங்குங்கள். 2014 முதல் நடக்கும் உலக பாலே நாளில் பெரிய குழுக்கள் தங்கள் காலை வகுப்பையும் ஒத்திகையையும் இணையத்தில் காட்டுகின்றன. உங்கள் ஊரின் கனடா தேசிய பாலே முதல் ஆண்டிலேயே அதில் சேர்ந்த ஐந்து குழுக்களில் ஒன்று. வகுப்பில் ஒப்பனை இல்லை, கதையும் இல்லை. பார் என்ற கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, பிளியே (முட்டி மடக்குதல்), தான்து (பாதத்தைத் தரையோடு நீட்டுதல்) என்று உங்கள் உடம்புக்குத் தெரிந்த வரிசையிலேயே எல்லாம் நகரும். பார்க்கும்போது மனம் அவ்வளவு நோகாது. விஷயமும் அதில்தான் அதிகம். தாவல் பகுதி வந்ததும் ஓரமாக ஒதுங்குகிறவர் யார், பாரில் ஒரு பக்கக் காலை மட்டும் உயரம் குறைத்துத் தூக்குகிறவர் யார் என்று உங்கள் கண்ணுக்கு உடனே தெரியும். அடுத்த மாதம் நடிகர் பட்டியல் மாறும்போது காரணம் உங்களுக்கு முன்பே பிடிபட்டிருக்கும்.

அடுத்தது இளம் பாலே கலைஞர்களுக்கான லொசான் போட்டி. 1973 முதல் சுவிட்சர்லாந்தில் நடக்கிறது. 15 முதல் 18 வயது வரையுள்ளவர்கள் கலந்துகொள்கிறார்கள். இறுதிச் சுற்றை மட்டும் பார்ப்பவர்கள் நல்ல பாதியைத் தவறவிடுகிறார்கள். முந்தைய நாள்களின் வகுப்பையும் பயிற்சியையும் பாருங்கள். ஆசிரியர் ஒரு திருத்தம் சொன்னதும், அடுத்த முறையே அதை உடம்பில் ஏற்றிக்காட்டும் பிள்ளை யார் என்று குறித்து வையுங்கள். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சில ஆண்டுகளில் அந்தப் பெயர் ஒரு பெரிய குழுவின் பட்டியலில் வரக்கூடும்.

நடன அசைவுகளை எழுதிவைத்த பழைய குறியீடுகளில் ஆர்வம் இருந்தால் பெரிய உலகமே இருக்கிறது. ஸ்தெபானோவ் குறியீட்டில் எழுதிய ரஷ்ய நடன ஏடுகளை நிக்கோலாய் செர்கேயெவ் வெளிநாட்டுக்குக் கொண்டுவந்தார். இப்போது அவை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவற்றைப் படித்து நடன அமைப்பாளர் அலெக்ஸி ரத்மான்ஸ்கி 2015-ல் 'ஸ்லீப்பிங் பியூட்டி'யை மீட்டெடுத்தார். கால்கள் இன்றைய உயரத்துக்குப் போகாமல் தாழ்ந்தே நிற்கும், அடிகள் நெருக்கமாக வரும். ஆடியவர்களுக்கு அது கண்திறப்பாக இருக்கும்.

வேலை என்று யோசித்தால், டொரொன்டோவில் 1985-ல் தொடங்கிய டான்சர் டிரான்சிஷன் ரிசோர்ஸ் சென்டர் மேடையை விட்டவர்களுக்கென்றே இருக்கிறது. போய்ப் பேசுங்கள். உடம்பை மட்டும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். வாரம் இரண்டு முறை முக்கால் மணி நேர பார் போதும். முட்டிப் பிரச்சினை இருப்பதால் முழு பிளியே வேண்டாம், அரை பிளியேயோடு நிறுத்துங்கள். இடுப்பிலிருந்து திரும்பும் அளவுக்கு மேல் பாதத்தைத் திருப்பினால் அந்த முறுக்கை முட்டிதான் வாங்கிக்கொள்ளும்.

15 வயது மகள் விரல்நுனியில் ஏறி ஆட அணியும் பாயின்ட் ஷூ இரண்டு வாரம்கூடத் தாங்குவதில்லை. தரம் குறைந்ததா, அவள் ஆடும் விதம் தவறா? – வாசகர், ஹாரோ, லண்டன்

பெரும்பாலும் இரண்டும் இல்லை. சாதாரண பாயின்ட் ஷூவில் விரல்களை மூடும் முனைக்கூட்டில் மரமோ உலோகமோ கிடையாது. துணி, காகிதம், பசை ஆகியவற்றை அடுக்கடுக்காக ஒட்டி, உள்புறம் வெளியே தெரியும்படி தைத்து, பிறகு புரட்டி, அடுப்பில் உலர்த்துகிறார்கள். வியர்வை பட்டால் பசை இளகும். விரல்நுனியில் 10 முதல் 12 மணி நேரம் வேலை செய்தால் ஒரு ஜோடி தளர்ந்துவிடுவது வழக்கம். பெரிய குழுவின் முதன்மைக் கலைஞர் ஒரே இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை முடித்துவிடுவதும் உண்டு.

ஆயுளைக் கூட்ட வழி இருக்கிறது. இரண்டு மூன்று ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். கழற்றியதும் பைக்குள் திணிக்காமல், விரல் பஞ்சை எடுத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் குறைந்தது ஒரு நாள் உலர விடுங்கள். முனைக்கூட்டின் உட்புறத்தில் சூப்பர் குளூவை மெல்லியதாக, ஓரிரு சொட்டாகப் பூசிக் காயவிடலாம். பருத்தித் துணியில் அது பட்டால் சட்டென்று சூடேறித் தோலைச் சுடும். அதனால் கால் உள்ளே இருக்கும்போது ஒருபோதும் பூசக்கூடாது. முழுதாகக் காய்ந்த பிறகே அணிய வேண்டும்.

அதற்கு முன் அளவைச் சரிபாருங்கள். நின்றபடி அரை பிளியே செய்தால் விரல்கள் முனையைத் தொட வேண்டும், மடங்கக்கூடாது. விரல்நுனியில் ஏறினால் குதிகால் பக்கம் சிறு சுருக்கத் துணி கையில் சிக்கும். அதற்கு மேல் சிக்கினால் ஷூ நீளம். முனைக்கூடு அகலமானால் கால் உள்ளே அமிழ்ந்து கட்டைவிரல் நகம் கறுக்கும். குறுகலானால் கட்டைவிரல் அடிமூட்டு புடைக்கும். உள்ளங்காலைத் தாங்கும் நடுத்தண்டு ஒரு பக்கமாக முறுகினாலோ, கால் முன்னால் அளவுக்கு மீறிச் சரிந்தாலோ, அந்த ஜோடியை அன்றே ஒதுக்கிவிடுங்கள். பணம் பார்த்து இன்னொரு வாரம் ஓட்டுவதில்தான் கணுக்கால் பிசகும்.

ரிப்பன் முடிச்சு கணுக்காலின் உட்பக்கக் குழியில், எலும்புக்கும் குதிகால் தசைநாணுக்கும் இடையே இருக்க வேண்டும். தசைநாணின் மேலேயே கட்டுகிற பழக்கம் வேண்டாம். ரிப்பன் தைக்கும்போது ஓரத்தில் ஓடும் இழுகயிற்றில் ஊசி ஏறினால் பிறகு இறுக்கவே முடியாது. பல்லிடுக்கு நூலால் தைத்தால் அறுந்துபோகாது.

இளஞ்சிவப்பு ஷூ மகளின் நிறத்தோடு ஒட்டவில்லை என்றால், முன்போல் ஒப்பனைப் பூச்சைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஃப்ரீட் நிறுவனம், கறுப்பின, ஆசியக் கலைஞர்கள் ஆடும் லண்டனின் பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து 2018-லேயே பழுப்பு நிற ஷூக்களைக் கொண்டுவந்துவிட்டது.

என் மகளுக்கு 9 வயது. ஆசிரியை இப்போதே பாயின்ட் ஷூ வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? – வாசகி, சென்னை

வேண்டாம். நடன மருத்துவ வழிகாட்டுதல்கள் 12 வயதுக்கு முன் வேண்டாம் என்கின்றன. வயது வந்தாலும், பல ஆண்டு முறையான பயிற்சியும் வலுவும் இருந்தால்தான் போட வேண்டும். வாரம் ஒரு வகுப்பு மட்டும் போகும் பிள்ளைக்கு 12 வயதிலும் அது தேவையில்லை. ஒற்றைக் காலில் நின்று, முட்டி மடங்காமல், இடுப்பு சாயாமல், குதிகாலைத் தொடர்ந்து பல முறை ஏற்றி இறக்க வருகிறதா பாருங்கள். பாதத்தை நீட்டினால் முன்பாதம் கெண்டைக்காலின் கோட்டோடு நேராக வர வேண்டும். வராத கால் விரல்நுனியில் ஏறினால் முதுகு வளைந்து ஈடுகட்டும். வற்புறுத்தும் ஆசிரியையிடம் இதை மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

'லா பயாதேர்' கோயில் நடனப்பெண்ணின் கதை என்கிறார்கள். அதற்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டா? – வாசகர், புதுச்சேரி

உங்கள் பக்கத்து ஊரிலிருந்தே உண்டு. 1838-ல் திருவந்திபுரத்திலிருந்து அம்மணி, தில்லையம்மாள் உள்ளிட்ட தேவதாசிகள் இசைக்கலைஞர்களோடு பிரான்சுக்குப் போய், பாரிஸில் வரியேத்தே அரங்கில் ஆடினார்கள். அம்மணியைக் கண்டு மயங்கி எழுதியவர்களில் பிரெஞ்சுக் கவிஞர் தியோஃபில் கோத்தியே முக்கியமானவர். 1841-ல் வந்த 'ஜிசெல்' பாலேயின் கதையை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர்தான். 1858-ல் அவர் எழுதிய 'சகுந்தலா' பாலேக்கு நடனம் அமைத்தவர் லூசியன் பெதிபா. அவருடைய தம்பி மரியுஸ் பெதிபா 1877-ல் பீட்டர்ஸ்பர்கில் 'லா பயாதேர்' அமைத்தார். அதில் வரும் இந்தியா ஐரோப்பியக் கற்பனை. கோயிலும் சடங்கும் நமக்கு உறுத்தத்தான் செய்யும், உறுத்துவதும் நியாயம்.

ஆனால் அதில் வரும் நிழல்களின் காட்சியை விட்டுவிடாதீர்கள். சரிவுப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக வெள்ளுடைப் பெண்கள் இறங்குவார்கள். ஒரு கால் பின்னால் நீட்டி அரபெஸ்க், பிறகு உடல் பின்சாய்ந்து கைகள் மேலே, இரண்டு அடி, மறுபடி அரபெஸ்க். ரஷ்யக் குழுக்களில் 32 பேர், லண்டனில் 24 பேர். முதலில் இறங்குபவர்தான் அதிக முறை அதைச் செய்கிறார். மற்ற அனைவரும் வரும்வரை அவர் நிற்க முடியாது. மங்கலான வெளிச்சம், சரிவில் முன்னால் தள்ளும் எடை, அது தீர்ந்ததும் திடீரென்று சமதளம். வரிசைகள் நிரம்பிய பிறகு எல்லோரும் காலைப் பக்கவாட்டில் உயர்த்தி நிறுத்தும்போது நின்ற காலின் கணுக்காலைப் பாருங்கள். இறங்கி வந்த களைப்பு அங்கேதான் தெரியும்.

பாரிஸ் ஓபேராவில் திடீரென்று மேடையிலேயே ஒருவரை 'எத்துவால்' ஆக்குகிறார்களே, அது எப்படி? – வாசகி, லா ஷப்பேல், பாரிஸ்

அங்கே கலைஞர்களுக்கு ஐந்து படிகள். கீழிருந்து மேலாக கத்ரீ, கோரிஃபே, சுஜே, பிரமியே தான்சர், எத்துவால் (நட்சத்திரம்). கீழ்ப்படிகளில் ஏற உள்போட்டியில் நடுவர்முன் தனியாக ஆடிக் காட்டுவது நெடுங்கால மரபு. எத்துவாலுக்குப் போட்டி கிடையாது. நடன இயக்குநர் முன்மொழிய, ஓபேராவின் தலைமை இயக்குநர் நியமிக்கிறார். நிகழ்ச்சி முடிந்து திரை விழுவதற்குள் மேடையில் அறிவிப்பார்கள். 1984-ல், நுரயேவ் நடன இயக்குநராக இருந்த காலத்தில், சில்வி கியெம் 19 வயதில் எத்துவால் ஆனார். இந்தக் குழுவின் கலைஞர்களுக்கு 42 வயதில் ஓய்வு. ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்து, அந்த உரிமைக்காகத்தான் 2019 டிசம்பர் 24 அன்று ஓபேராவின் கார்னியே மாளிகை வாசலில், குளிரில், 'ஸ்வான் லேக்' ஆடினார்கள். கார்னியே மேடை பார்வையாளரை நோக்கி 5 சதவீதம் சரிந்தது. வெளியிலிருந்து வரும் விருந்துக் கலைஞர் முதல் நாள் சுழற்சிகளில் தடுமாறினால் திறமைக்குறைவு என்று எழுதிவிடாதீர்கள்.

பாலேயில் கையசைவில் பேசுகிறார்களே, ஒன்றும் புரியவில்லை. – வாசகர், சிங்கப்பூர்

சிலவற்றைத் தெரிந்துகொண்டால் போதும். முகத்தைச் சுற்றி விரல் போனால் 'அழகி'. தலைக்கு மேல் கைகள் ஒன்றையொன்று சுற்றினால் 'ஆடு'. இடக்கை மோதிர விரலைக் காட்டினால் 'திருமணம்'. இரு விரல் உயர்த்தினால் 'சத்தியம்'. முஷ்டி பிடித்து மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்து இறக்கினால் 'சாவு'. 'ஸ்வான் லேக்' இரண்டாம் அங்கத்தில், அன்னமாக மாற்றப்பட்ட இளவரசி ஓடெட் ஏரியைக் காட்டி, கன்னத்தில் விரல்களை வழியவிடுவார். அந்த ஏரி அவள் தாயின் கண்ணீர். சில தயாரிப்புகளில் இந்தப் பகுதியை வெட்டிவிட்டு வெறும் நடனமாக்கிவிடுகிறார்கள். அந்தப் பகுதியை வைத்திருக்கும் தயாரிப்பு கிடைத்தால் பாருங்கள்.