புதுச்சேரியிலிருந்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திற்கு ஓட்டிச் செல்லும் காருக்கு எந்த பிரேக் பேட் பொருத்தலாம்?

அன்றாடம் அலுவலகத்திற்கு ஓட்டும் ஸ்விஃப்ட் காரையே இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டு சென்று, பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்ட விரும்புவதாகவும், அதற்கு எந்த பிரேக் பேட் ஏற்றது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலியார்பேட்டையில் வசிப்பவன். இதே வகைக் காரை இதே தடத்தில் சில முறை ஓட்டியிருக்கிறேன். திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாகக் காரை ஓட்டிச் சென்று, மாலையில் அதிலேயே வீடு திரும்புகிறவர் முழுப் பந்தயப் பேட் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பேட் என்பது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இறுக்கிப் பிடித்துக் காரை நிறுத்தும் பட்டை. பந்தயப் பேட் நன்றாகச் சூடேறிய பிறகே கவ்வத் தொடங்கும். விடியற்காலையில் திண்டிவனம் சாலையில் மாடு ஒன்று குறுக்கே வரும்போது, குளிர்ந்த பந்தயப் பேட் உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கும் சாதாரணப் பேட்டைவிட மோசமாகவே நிற்கும். டிஸ்க்கையும் விரைவில் தேய்த்துவிடும்.

சாலைக்கும் தடத்திற்கும் உள்ள வேறுபாடு வெப்பத்தில்தான் இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து காரை முழுவதுமாக நிறுத்தும்போது பிரேக் உறிஞ்சும் ஆற்றலைப் போல நான்கு மடங்கிற்கும் மேலான ஆற்றலை, 140-இலிருந்து 60-க்குக் குறைக்கும் ஒரே மிதிப்பில் அது உறிஞ்ச வேண்டியிருக்கிறது. தடத்தில் அடுத்த வளைவிலும் அதற்கடுத்த வளைவிலும் இதுவே திரும்பத் திரும்ப நடப்பதால், டிஸ்க் ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

இந்த வெப்பம் பேட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதை நான் அனுபவப்பட்டே அறிந்தேன். முதன்முறை சென்றபோது கையிலிருந்த பணம் முழுவதையும் விலையுயர்ந்த பேட்டில் செலவழித்துவிட்டு, பல ஆண்டுகளாக மாற்றாத பிரேக் ஆயிலை அப்படியே விட்டிருந்தேன். ஐந்தாவது சுற்றில், வேகமான ஒரு நேர்ப்பாதையின் முடிவில் மிதித்தபோது பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரை வரை இறங்கியது. விட்டுவிட்டு இரண்டு மூன்று முறை மிதித்த பிறகுதான் அழுத்தம் கிடைத்து, கார் தடத்தின் விளிம்பில் நின்றது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகையைக் குறிக்கும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் என்றால், ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவுகோல் 140 டிகிரி மட்டுமே. டாட் 4-க்கு இவை 230, 155; டாட் 5.1-க்கு 260, 180. ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி உண்டானால், நாம் மிதிக்கும் விசை அந்த ஆவியைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடுகிறது. எனவே முதல் செலவு புதிய டாட் 4 அல்லது டாட் 5.1 ஆயிலுக்கும், நான்கு சக்கரத்திலும் பிரேக் குழாயில் தங்கிய காற்றை முறையாக வெளியேற்றி ஏர் எடுப்பதற்கும் ஆகட்டும். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில். பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக அதை ஊற்றிவிட வேண்டாம்.

பேட்டே தோற்றுப் போவது வேறு விதமாகத் தெரியும். பெடல் கல்லைப் போலக் கெட்டியாக இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் கார் மட்டும் நிற்காது. அதிக வெப்பத்தில் பேட்டைப் பிணைத்திருக்கும் பிசின் சிதைவதால் அப்படி நேர்கிறது. இந்த அறிகுறி தென்பட்டால் மட்டுமே பேட்டின் தரத்தை உயர்த்துவதில் பொருள் உண்டு.

பேட்டின் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்பது போல இரண்டு எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். முதலெழுத்து வழக்கமான வெப்பத்திலும், இரண்டாவது கூடுதல் வெப்பத்திலும் உள்ள உராய்வைக் குறிக்கும்; எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. ஆனால் அந்தச் சோதனை ஏறத்தாழ 340 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. தடத்தில் டிஸ்க் அதையும் தாண்டிச் சூடேறும். ஆகவே எழுத்தை மட்டும் நம்பாமல், பேட் எத்தனை டிகிரி முதல் எத்தனை டிகிரி வரை வேலை செய்யும் என்று தயாரிப்பாளர் அறிவித்திருப்பதைப் பாருங்கள். மேல் வரம்பைப் போலவே கீழ் வரம்பும் உங்களுக்கு முக்கியம். குளிர்ந்த நிலையிலேயே கவ்வக்கூடிய, வேகச் சாலைப் பயணத்திற்கென்று விற்கப்படும் நடுத்தர வகையே உங்களுக்குப் பொருந்தும். முதல் முறைதான் என்றால், நிறுவனத்தின் அசல் பேட்டையே புதிதாகப் பொருத்திக்கொண்டு சென்றாலும் போதும். சில சுற்றுகளுக்கு ஒரு முறை மெதுவாக ஓட்டி ஆறவிட்டால் அது தாங்கும். பாதிக்கு மேல் தேய்ந்த பேட்டோடு மட்டும் செல்லாதீர்கள்; மெலிந்த பேட் வெப்பத்தைத் தடுக்காமல் பேட்டைத் தள்ளும் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்திவிடும்.

புதிய பேட்டைப் பொருத்தியதும், பின்னால் வண்டி வராத சாலையில் 80-இலிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை, முழுவதும் நிறுத்தாமல் குறைத்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். பேட்டின் பொருள் டிஸ்க்கின் மேல் சீராகப் படிந்தால்தான் பிடிப்பு முழுமையாகக் கிடைக்கும்.

நம் கடலோர ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பேட்டுகளைத் தாங்கி டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதிக்குக் காலிப்பர் என்று பெயர்; அது நகர்வதற்கு உதவும் ஸ்லைடு பின் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடுகிறது. அப்போது உட்பக்கப் பேட் மட்டும் தேயும், அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கும். பேட் மாற்றும் அன்றே பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கென்று உள்ள கிரீஸைத் தடவச் சொல்லி மெக்கானிக்கின் அருகிலேயே நில்லுங்கள். தடத்திலிருந்து வெளியே வந்ததும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டு நிறுத்துங்கள். மாலையில் ஒரகடம் நோக்கித் திரும்புவதற்கு முன் பேட்டின் கனத்தையும் ஆயிலின் அளவையும் ஒரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.