ஏகாதசியும் ஒரு கிண்ணம் ஜவ்வரிசியும்

அன்புள்ள ஐயா,

நான் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து, மாமியார் சொல்லிக்கொடுத்தபடி ஏகாதசிக்குத் துளசித் தீர்த்தம் மட்டும்தான். முப்பது வருஷமாக விட்டதில்லை. இப்போது சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். போன ஏகாதசி சாயங்காலம் கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு மராட்டியக்கார அம்மா (வெள்ளி உருக்குகிற குடும்பம்) ஜவ்வரிசி கிச்சடி கொண்டுவந்து, "எங்களுக்கு இதுதான் விரதச் சாப்பாடு" என்று கொடுத்தார். சாப்பிட்டேன். "வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு என்ன விரதம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என் விரதம் போய்விட்டதா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

போகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது உடம்பு. மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். உங்களுக்குக் கண் இருட்டியது அதனாலாகவே இருக்கலாம். அடுத்த ஏகாதசிக்கு முன்னால் டாக்டரிடம் விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். அதற்காக ஜவ்வரிசியைப் பழக்கமாக்கிக்கொள்ளவும் வேண்டாம். அது பெரும்பாலும் மாவுச்சத்துதான், சர்க்கரையைக் கிடுகிடுவென்று ஏற்றிவிடும்.

சரி, விரதத்துக்கு வருவோம். ஏகாதசியில் விலக்குவது தானியத்தை. முழுப் பட்டினி முடியாதவர்கள் பழம், பால், கிழங்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது பழைய வழக்கம். பழ உணவு என்ற பொருளுள்ள 'பலாகாரம்'தான் நம் வாயில் பலகாரம் ஆனது. மராட்டியர்கள் ஜவ்வரிசியை எடுத்துக்கொண்டதும் இந்த வழியில்தான், அது தானியமில்லை, குச்சிக்கிழங்கு மாவு. அந்தக் கிழங்கே தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியது 1943 வாக்கில், உலகப் போரில் வெளிநாட்டு வரத்து நின்றபோது. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆத்தூர்ப் பக்கம் களங்களில் வெள்ளை வெளேரென்று காய்வதைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு அது பாயசம், வடகம். வடக்கே போனால் விரதம். உங்கள் எதிர்வீட்டம்மா நம் ஊர் மண்ணில் விளைந்ததைத்தான் தன் ஊர் வழக்கப்படி சமைத்து உங்களுக்குத் தந்திருக்கிறார்.

பாகவதத்தில் அம்பரீஷன் கதை வருகிறது. ஏகாதசி விரதமிருந்த ராஜா, மறுநாள் துவாதசி முடிவதற்குள் பாரணை செய்தாக வேண்டும், அதாவது சாப்பிட்டு விரதத்தை முடிக்க வேண்டும். விருந்தாளியாக வந்த துர்வாச முனிவரோ ஆற்றுக்குக் குளிக்கப் போனவர் திரும்பவில்லை. விருந்தாளிக்கு முந்திச் சாப்பிட்டால் குற்றம், துவாதசியைத் தவறவிட்டாலும் குற்றம். பெரியவர்களைக் கேட்டான். தண்ணீர் மட்டும் குடி, அது சாப்பிட்டதாகவும் ஆகும், சாப்பிடாததாகவும் ஆகும் என்றார்கள். குடித்தான். துர்வாசருக்குக் கோபம் வந்தது, ஆனால் பெருமாளின் சக்கரம் ராஜாவின் பக்கம்தான் நின்றது. நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிற இடம் இது. கண்டிப்பாக விரதமிருந்தவன்தான், இக்கட்டு வந்ததும் கேட்டுத் தெரிந்துகொண்டு வளைந்தான். நீங்களும் அடுத்த முறை கேட்டுக்கொண்டு இருங்கள்.

உபவாசம் என்றால் பெருமாளுக்கு அருகில் இருப்பது. என் பாட்டி ஏகாதசியன்று அடுப்பே பற்றவைக்க மாட்டாள். குழந்தைகளுக்கு முதல் நாள் புளிச்சோறு. அரிசி களைவது, குழம்பு கூட்டுவது, பாத்திரம் தேய்ப்பது எதுவும் இல்லாததால் அவளுக்கு அந்த ஒரு பகல் முழுசாக மிஞ்சியது. கோட்டை அழகிரிநாதர் கோவிலுக்குப் போய், பிராகாரத்தில் வெயில் இறங்கும் வரை உட்கார்ந்திருப்பாள். பசியோடு இருந்த முகம் மாதிரியே இருக்காது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவளுக்கென்று கிடைத்த பகல் அது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அன்றைக்கு வீட்டில் மற்றவர்களுக்கு மூன்று வேளையும் சமைத்தது யார்? பல வீடுகளில் விரதமிருக்கிற பெண்தான் காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறாள். தாளிக்கிற வாசனையில் நின்றுகொண்டு பெருமாளை எங்கே நினைப்பது? எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. நீங்கள் சாப்பிட்ட கிச்சடியைக் கணக்குப் பார்க்கிறவர்கள், அடுத்த ஏகாதசிக்கு ஒரு நாள் சமையலை எடுத்துக்கொள்ளட்டும். டாக்டர் சொன்னதைச் சாப்பிட்டுவிட்டு நீங்கள் கோவிலில் உட்காருங்கள்.

அப்புறம், துவாதசி காலையில் அகத்திக்கீரை பொரியல் செய்வீர்கள் இல்லையா? அந்த அம்மாவின் கிண்ணம் இன்னும் உங்கள் வீட்டில்தான் இருந்தால், அதில் கொஞ்சம் போட்டுக் கொடுங்கள். வெறும் கிண்ணமாகத் திருப்பித் தரவேண்டாம்.