நெருக்கடி நேரத்தில் வறுமைக் கணக்கு ஏன் பின்தங்குகிறது? வேகப்படுத்த வழி உண்டா?

உண்டு. முதலில் ஏன் பின்தங்குகிறது என்பதற்கு இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடி அனுபவத்தையே பாருங்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரே ஆண்டில் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. உணவு மட்டும் 94.9. விலை மாதாமாதம் தெரிந்தது. ஆனால் வீடுகளின் வருமானத்துக்குக் கையிலிருந்த முழுமையான அரசு ஆய்வு 2019ஆம் ஆண்டுக்கானது. 2019இல் ஒருவருக்கு மாதம் 6,966 ரூபாயாக இருந்த வறுமைக் கோட்டை விலைவாசிக்கேற்ப உயர்த்திக்கொண்டே போகலாம். அதற்குக் கீழே எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதை எப்படி எண்ணுவது? நிவாரணம் யாருக்கு என்று முடிவாக வேண்டிய நேரத்தில் இது சின்னக் குறை இல்லை.

சரி, என்ன செய்யலாம்? பெரிய ஆய்வில் வந்த அதே குடும்பங்களில் ஒரு பகுதியை மாதாமாதம் தொலைபேசியில் அழைக்கலாம். வருமானத்தைத் துருவிக் கேட்க வேண்டாம்: இந்த வாரம் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டீர்களா, நகையை அடகு வைத்தீர்களா, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினீர்களா? பழைய விவரம் ஏற்கெனவே இருப்பதால் யார் எவ்வளவு சரிந்தார்கள் என்பது உடனே புரியும். அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை குடும்பங்களின் நிலையை இணையவழியில் கேட்கும் ஒரு வாராந்தர ஆய்வைத் தொடங்கி, 'சோதனை முயற்சி' என்று வெளிப்படையாகச் சொல்லியே முடிவுகளை வெளியிட்டது. பதில் சொன்னவர்கள் மிகக் குறைவு என்பது அதன் பெரிய பலவீனம்.

தொலைபேசி இல்லாத வீடுதான் என்னை உறுத்துகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களில் உள்ளவர்களை நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். இதற்கான ஆட்களையும் பணத்தையும் நெருக்கடி வருவதற்கு முன்பே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.