நர்சரி பன்னீர் ரோஜா ஏன் நிக்க மாட்டேங்குது?

"பன்னீர் ரோஜா மூணு தடவ வாங்கியும் செத்துருச்சு, பழைய ரகம் எப்படி வளர்க்க?"ன்னு கேட்டிருக்கீங்க. ஒட்டுச்செடிதான் வாங்கியிருப்பீங்க. நானும் அதத்தான் பண்ணினேன்.

எங்களுக்கு செங்கோட்டை. கிணத்தடியில ஆச்சி வச்ச பன்னீர் ரோஜா நின்னுச்சு, பாத்திரம் கழுவுற தண்ணிதான் அதுக்கு. வாசம் தெருமுனை வரைக்கும் வரும், ஆனா பறிச்சு வச்சா சாயங்காலமே உதிர்ந்துரும், அதனால எனக்கு இளக்காரம். வீடு எடுத்துக் கட்டுறப்ப கொத்தனார் "அக்கா, இது நிக்கணுமா"ன்னார், தோண்டிருங்கன்னுட்டேன். பதிலுக்கு கலர் கலரா எட்டு ஒட்டு ரோஜா. ஆடிச் சாரல்ல எலையில கரும்புள்ளி நோய் விழுந்து ஏழு மொட்டையாகிப் போச்சு. ஒண்ணு மட்டும் ஆள் உசரம் தளதளன்னு வந்துச்சு, ரெண்டு வருஷம் ஒரு மொட்டு கெடையாது, மேல்செடி என்னிக்கோ செத்து, அடியில ஒட்டுக்கு வச்ச காட்டு ரோஜாவுக்கு நான் தண்ணி ஊத்திட்டு இருந்திருக்கேன்.

அப்புறம் ஒரு விசேஷத்துக்குப் புனலூர் அத்தை வீட்டுக்குப் போனேன். அடுக்களைக்குப் பின்னாடி அதே செடி, அதே வாசம். "கல்யாணத்தப்ப உங்க ஆச்சி ஒடிச்சுக் குடுத்த குச்சிட்டி. அங்க தாய்ச்செடி எப்படியிருக்கு?"ன்னாங்க. இருக்கு அத்தைன்னு சொல்லிட்டேன். அவங்களுக்குத் தெரியாம ஆறு குச்சி வெட்டி, வாழைமட்டையில ஈரமா சுத்தி, ஆரியங்காவு வழியா பஸ்ல மடியிலயே வச்சுக் கொண்டு வந்தேன்.

பென்சில் தடிமன், பூத்து முடிஞ்ச கொம்பு, கணுவுக்குக் கீழ சாய்ச்சு வெட்டணும். ரெண்டு கணு மண்ணுக்குள்ள. செம்மண்ணும் மணலும் பாதிப் பாதி, நிழல். வேர் விட்டுச்சான்னு இழுத்துப் பாக்காதீங்க, எனக்கு ஆறுல ரெண்டுதான் தப்பிச்சது. பழைய ரகத்துக்கும் கரும்புள்ளி வரும், எலை கொட்டும், ஆனா சொந்த வேர்ல நிக்கிறதால வெட்டினாலும் அதேதான் துளிர்க்கும்.

உடனே "நீங்க சொல்றது எட்வர்ட் ரோஸ், பன்னீர் வடிக்கிற அசல் டமாஸ்க் ரோஜா இல்ல"ன்னு சண்டைக்கு வராதீங்க. தெரியும். நம்ம பக்கம் பன்னீர்னு சொல்றது நெறைய எட்வர்ட்தான், ரீயூனியன் தீவுல சீன ரோஜாவும் டமாஸ்க்கும் கலந்து வந்த போர்பன் இனம். 1867ல லா ஃபிரான்ஸ்ங்கிற முதல் நவீன கலப்பு ரோஜா வர்றதுக்கு முன்னாடி இருந்த இனங்களத்தான் பழைய ரோஜாம்பாங்க, அந்தக் கணக்குல இதுவும் சேர்த்திதான்.

இப்ப மகன் முத்தம் பூரா இன்டர்லாக் கல்லு போடணுங்கான். எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் போட்டுட்டாங்க, சாரல் தண்ணி ஒரு சொட்டு மண்ணுல இறங்கறதில்ல, எல்லாம் ரோட்டுல ஓடுது, அத யாரும் கேக்குறதில்ல. ரெண்டு செடியச் சுத்தி செங்கல் அடுக்கி வச்சிருக்கேன். அத்தைக்கு இன்னும் சொல்லல.