நெற்றியில் கட்டும் விளக்கு: எதைப் பார்த்து வாங்குவது?

பருவமழை தொடங்குவதற்கு முன் ரீசார்ஜ் ஹெட் டார்ச் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று எங்கள் சங்கத்தில் பலரும் கேட்டார்கள். டார்ச், எமர்ஜென்சி விளக்கு ஆகியவற்றைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதும் உள்ளே இருப்பதும் வேறு வேறாக இருப்பதைத் தினமும் பார்க்கிறேன். ஏழை எளியவர்கள் கொடுக்கும் பணம் வீணாகக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரம்பூர், கல்லூரி மாணவர்: அண்ணா, என்னிடம் ஆயிரம் ரூபாய் இருக்கிறது. 399 ரூபாய்க்கு '10,000 லூமென்' என்று ஒரு விளக்கு, 900 ரூபாய்க்கு '200 லூமென்' என்று ஒரு விளக்கு. இரண்டாவதை ஏன் வாங்க வேண்டும்?

தம்பி, லூமென் என்பது விளக்கு தரும் ஒளியின் அளவு. பெட்டியின் பின்பக்கத்தில் பேட்டரி அளவு இருக்கும், அதைப் படியுங்கள். இந்த வகை விளக்குகளில் பெரும்பாலும் 1200 எம்.ஏ.எச்., அதாவது 1.2 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். அதை பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 4.4 வாட்-மணி, அதாவது ஒரு வாட் விளக்கை 4.4 மணி நேரம் எரிக்கலாம். நல்ல எல்.இ.டி. ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லூமென் தரும். அப்படியானால் 10,000 லூமெனுக்கு 100 வாட் தேவை. அந்த பேட்டரி மூன்று நிமிடம்கூடத் தாங்காது. ஈயத்தை உருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைப்போல் நான்கு மடங்கு மின்சாரம் உங்கள் நெற்றியில் எரிந்தால் தோல் என்ன ஆகும்? ஆகவே அந்த எண் பொய். உள்ளே உண்மையில் 100 அல்லது 150 லூமென் தரும் விளக்கு இருக்கும்.

அதே கணக்கில் இன்னொன்றையும் பாருங்கள். அந்த 4.4 வாட்-மணியை 100 லூமெனில் எரித்தால் நான்கு மணி நேரம் வரும். 30 லூமெனில் எரித்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். கை எட்டும் தூரத்தில் செய்யும் எந்த வேலைக்கும், சைக்கிள் செயின் மாட்டுவதோ, ஃபியூஸ் போடுவதோ, பரண் மேல் தேடுவதோ, 30 லூமென் தாராளம். புத்தகம் படிக்க 10 முதல் 20 போதும். விளக்கில்லாத தெருவில் நடக்க 50 முதல் 100. மொட்டை மாடியிலிருந்து தூரத்தில் எதையாவது பார்க்கத்தான் 200-க்கு மேல் வேண்டும், அதுவும் சில நிமிடங்களுக்கு.

ஆகவே கடையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு பிரகாசம்?" என்பதல்ல. "குறைந்த வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம், அந்த வெளிச்சம் எத்தனை லூமென்?" என்பதுதான். இரண்டு எண்களையும் சேர்த்துப் போட்டிருக்கும் தயாரிப்பாளரை நம்பலாம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற அளவீட்டு முறைப்படி, தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை 'எரிகிறது' என்றே கணக்கு. 200 லூமென், 5 மணி நேரம் என்றால் ஐந்து மணி நேரமும் 200 இருக்கும் என்று பொருளல்ல. கடைசியில் 20 லூமென்தான் இருக்கும்.

900 ரூபாய் விளக்கை வாங்குங்கள், தம்பி.

மடிப்பாக்கம், மின் பணியாளர்: சுவிட்ச் போர்டு வேலைக்கு விளக்கு வேண்டும். இப்போது வைத்திருப்பதில் ஒயர் நிறம் சரியாகத் தெரியவில்லை. பிரகாசம் போதவில்லையா?

பிரகாசம் அல்ல, நிறத்தைக் காட்டும் திறன் போதவில்லை. மலிவான எல்.இ.டி.கள் நீலம் கலந்த வெள்ளை ஒளியைத் தருகின்றன. அந்த ஒளியில் சிவப்பின் பங்கு குறைவு. பழைய கட்டடங்களில் வெயிலும் தூசியும் பட்டு மங்கிய சிவப்பு ஒயரும், அழுக்கேறிய கறுப்பு ஒயரும் அதில் ஒன்றுபோலவே தெரியும். ஒன்று ஃபேஸ், மற்றது நியூட்ரல் என்கிற வேலையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பெட்டியில் இந்தத் திறனைச் சொல்லும் சி.ஆர்.ஐ. என்ற எண்ணைத் தேடுங்கள். சூரிய ஒளி 100; உங்கள் வேலைக்கு 90-க்கு மேல் இருப்பது நல்லது. ஒளி மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்பதைக் காட்டும் நிற வெப்பநிலை 4000 முதல் 5000 கெல்வினுக்குள் இருக்கட்டும். சி.ஆர்.ஐ. அதிகமுள்ள விளக்கு அதே மின்சாரத்துக்குக் கொஞ்சம் குறைந்த லூமென் தரும். அதனால் பெட்டியில் எண் சிறிதாக இருந்தால் தயங்காதீர்கள். எந்த விளக்காக இருந்தாலும், நிறத்தை மட்டும் நம்பி ஒயரைத் தொடாதீர்கள், டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

உலோக உடல் கொண்ட விளக்கும் உங்களுக்கு வேண்டாம். குனியும்போது நழுவி பேனலுக்குள் விழுந்தால் ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் உடல், ஹெல்மெட்டில் மாட்டும் கிளிப், நழுவாத பட்டை ஆகியவை இருக்கும்படி வாங்குங்கள்.

புதுப்பேட்டை, மெக்கானிக்: எஞ்சின் ஓடும்போது ஃபேன் நின்றிருப்பதுபோல் தெரிந்தது. விளக்கினாலா?

ஆம். சில விளக்குகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு எல்.இ.டி.யை வினாடிக்குப் பல நூறு முறை அணைத்து அணைத்து எரிக்கும். சுழலும் பாகத்தின் வேகமும் இந்தத் துடிப்பும் ஒத்துப்போனால் அது நின்றிருப்பதுபோல் கண்ணை ஏமாற்றும். விரலை இழக்கவைக்கும் ஏமாற்று இது. வாங்குமுன் விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் எரியவிட்டு, போன் கேமராவில் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். கறுப்புக் கோடுகள் நகர்ந்தால் அந்த விளக்கு உங்களுக்கு ஆகாது.

குரோம்பேட்டை, இரண்டு குழந்தைகளின் தாய்: எங்கள் வீட்டில் நேராக பிளக்கில் செருகிச் சார்ஜ் செய்யும் பழைய வகை விளக்கு இருக்கிறது. பின்னாலேயே இரண்டு முள் இருக்கிறது. அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா?

அம்மா, குழந்தைகள் கைக்கு எட்டும் வீட்டில் அது வேண்டாம் என்றே சொல்வேன். 230 வோல்ட்டைக் குறைப்பதற்கு அவற்றில் பலவற்றில் டிரான்ஸ்பார்மர் இருக்காது. ஒரு கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் மட்டுமே இருக்கும். அதாவது வீட்டு மின்சாரத்துக்கும் உள்ளேயுள்ள பேட்டரிக்கும் இடையே தடுப்பே கிடையாது. சார்ஜ் ஆகும்போது உடைந்த மூடி வழியாக உள்ளே ஏதாவது ஒன்றைத் தொட்டால் மெயின் கரண்டைத் தொட்டதாகவே ஆகும். பிளக்கில் இருக்கும்போதே எரியவைத்துத் தலையில் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் பதறும்.

இவற்றில் பெரும்பாலும் 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி இருக்கும். காலியான நிலையில் சில வாரம் கிடந்தாலே அது கெட்டுவிடும். அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறை மழைக்காலத்தில் எடுக்கும்போது எரியாமல் போகிறது. போன் சார்ஜரில் சார்ஜ் செய்யும் டைப்-சி விளக்கு இன்று குறைந்த விலையிலேயே கிடைக்கிறது, அதற்கு மாறிவிடுங்கள்.

வேளச்சேரி: 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எங்கள் பகுதியில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வெள்ளத்துக்கு என்று எதை வாங்கலாம்?

உங்கள் பகுதிக்கு நான் சொல்வது, பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய விளக்கு. உள்ளேயே பொருத்தப்பட்ட பேட்டரி தீர்ந்துவிட்டால் பவர் பேங்க் வேண்டும். அந்த நேரத்தில் பவர் பேங்க் போனுக்குத் தேவை. 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல் போடும் விளக்கு கொஞ்சம் கனமானதுதான், செல் மட்டுமே 45 கிராமுக்கு மேல் இருக்கும். ஆனால் 3000 எம்.ஏ.எச். செல் ஒன்றில் 30 லூமெனை முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாம். இரண்டு செல் இருந்தால் சிக்கனமாக ஒரு வாரம்கூடச் சமாளிக்கலாம். சில விளக்குகளில் அவற்றின் சொந்த பேட்டரியை எடுத்துவிட்டு மூன்று சிறிய ஏ.ஏ.ஏ. பேட்டரிகளையும் போடலாம். பெட்சல் நிறுவனத்தின் ஆக்டிக் கோர் அப்படிப்பட்டது. விலை கூடுதல் என்றாலும் தெருமுனைக் கடையில் பேட்டரி கிடைக்கும் என்ற நிம்மதி உண்டு.

நீரைத் தாங்கும் தர எண் ஐ.பி.எக்ஸ். 4 என்றால் எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். மழையில் நடக்க அது போதும். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். உங்களுக்கு 7 உள்ளதே மேல்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தேங்கிய நீரில் நடக்கும்போது விளக்கை நெற்றியிலிருந்து கழற்றிக் கையில், இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே ஒளி போனால் தரையிலுள்ள மேடு பள்ளங்களின் நிழல் கண்ணுக்குத் தெரியாது. திறந்த சாக்கடையும் சமதளம்போலவே தோன்றும். பெருமழையில் துளிகளின் மேல் பட்டு ஒளி கண்ணுக்கே திரும்பியும் அடிக்கும். ஒளி கீழிருந்து சாய்வாக விழுந்தால்தான் பள்ளம் பள்ளமாகத் தெரியும். ஒரு கையில் விளக்கு, மறு கையில் கம்பு. வீட்டுக்குள் வந்த பிறகு மறுபடி தலையில் கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் மெயினை அணைத்துவிடுவதும் மறக்கக் கூடாதது.

சிந்தாதிரிப்பேட்டை: ரிச்சி தெருவில் '9900 எம்.ஏ.எச்.' 18650 செல் 100 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் உள்ள அந்த அளவுக்குள் பொதுவாகக் கிடைக்கும் நல்ல செல்கள் 2500 முதல் 3500 எம்.ஏ.எச். வரைதான். 9900 என்று அச்சிட்டிருப்பதே போலி என்பதற்கு அடையாளம். பல நேரங்களில் பழைய லேப்டாப் பேட்டரிகளிலிருந்து பிரித்தெடுத்த செல்லுக்கு மேலே புது உறை போட்டிருப்பார்கள். கையில் எடுத்துப் பாருங்கள், மிக இலேசாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அதே தெருவில் பொறுப்பாக விற்கும் கடைகளும் உண்டு. ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று கேளுங்கள். பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல்லாக வாங்குங்கள், அது சற்று நீளமாக இருக்கும் என்பதால் உங்கள் விளக்கைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள்.

அண்ணா நகர்: புதிய விளக்கு, டைப்-சி துளைதான். என் போன் சார்ஜரில் போட்டால் சார்ஜ் ஏறவில்லை.

விளக்கு கெடவில்லை. சார்ஜரிடம் மின்சாரம் கேட்பதற்கான இரண்டு சிறிய ரெசிஸ்டர்களைச் செலவு மிச்சம் என்று தயாரிப்பாளர் போடாமல் விட்டிருப்பார். இரு முனையும் டைப்-சி உள்ள ஒயரில் அது ஏறாது. ஒரு முனை பழைய அகலமான யு.எஸ்.பி. உள்ள ஒயரைப் பழைய சார்ஜரில் போடுங்கள், ஏறிவிடும்.

திருவான்மியூர்: இரவில் கடற்கரையில் ஆமை நடைக்குப் போக ஆசை. சிவப்பு விளக்கு உள்ளது வாங்க வேண்டுமா?

1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நம் கடற்கரையில் இந்த வேலையைச் செய்து வருகிறார்கள். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடப்பார்கள். அவர்களுடன் போகும்போது விளக்கை எடுக்காமல் இருப்பதே நல்லது. கரையேறும் தாய் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமல் திரும்பிவிடக்கூடும். குஞ்சுகளோ, வெளிச்சம் இருக்கும் பக்கமே கடல் என்று நம்பிச் சாலைப் பக்கம் போய்விடும். வழிநடத்துபவர் அனுமதித்தால் மட்டும் மங்கலான சிவப்பு ஒளி. வாங்கும்போது, வெள்ளையைத் தொடாமல் நேராகவே சிவப்பு எரியும் பொத்தான் உள்ளதா என்று பாருங்கள். பல மலிவு விளக்குகளில் வெள்ளையைக் கடந்துதான் சிவப்புக்குப் போக முடியும்.

சிவப்பு வீட்டிலும் உதவும். மழை விட்ட மாலையில் வெள்ளை விளக்கைக் கட்டினால் ஈசல் முகத்தில் மொய்க்கும். சிவப்புக்கு மிகக் குறைவாகவே வரும்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: எனக்குக் கண்புரை தொடங்கியிருக்கிறது. இரவில் எழுந்து நடக்க உதவுமா?

உதவும், அம்மா. கண்புரை உள்ள கண்ணுக்குக் கூரிய வெள்ளை ஒளி கூசும். மஞ்சள் சாயலில், ஒரே புள்ளியாக இல்லாமல் பரவலாக விழும் ஒளியாக வாங்குங்கள். பொத்தான் பெரிதாக இருக்கட்டும், முதல் அழுத்தத்திலேயே குறைந்த வெளிச்சம் வருவதாக இருக்கட்டும். கையை அசைத்தால் எரியும் சென்சார் வகை வேண்டாம், கண்ணாடியைச் சரிசெய்யும்போதெல்லாம் அணைந்து எரியும்.

காசிமேடு: ஆறு மாதத்தில் சார்ஜ் துளை பச்சை பிடித்துவிடுகிறது.

உப்புக் காற்றும் வியர்வையும்தான் காரணம். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, மூடி திறந்த நிலையில் நிழலில் காயவைத்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் ஓரிரு முறையிலேயே துளை அரித்துவிடும். செல்லைக் கழற்றித் தனியாகச் சார்ஜ் செய்யும் வகை உங்கள் தொழிலுக்கு நீண்ட நாள் உழைக்கும்.

தாம்பரம்: மே மாதம் வண்டி டிக்கியில் வைத்திருந்தேன். இப்போது பேட்டரி உப்பியிருக்கிறது.

உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ வேண்டாம். எளிதில் தீப்பற்றும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. நம் ஊர்க் கோடையில் தகரக் கூரை அறையும் மூடிய வண்டியும் அதைச் சுலபமாகத் தாண்டும். அடுத்த விளக்கைப் பாதி சார்ஜில், வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றினால் போதும்.

அடையாறு: குடும்பத்தோடு கேதார்நாத் போகிறோம். விமானத்தில் எடுத்துப்போகலாமா?

தனி செல்களைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. ஒவ்வொரு செல்லையும் தனி பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், சாவி, நாணயம் எதுவும் முனைகளில் படக் கூடாது. விளக்கில் பூட்டு வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் செல்லைக் கழற்றி வையுங்கள். பைக்குள் தானாக எரிந்து தீர்ந்துபோவது வழக்கமாக நடப்பது. மலையில் குளிரால் பேட்டரி விரைவில் சோர்ந்துவிடும். இரவில் விளக்கைக் கம்பளிக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், உறைபனிக் குளிரில் சார்ஜ் மட்டும் போடாதீர்கள்.